நெருப்பில் வாட்டிய ரொட்டி

விருந்தினர் வந்து அமர்ந்துவிட்டனர். உணவு பரிமாற இன்னும் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவேளையில் அவர்கள்முன் வைப்பதற்கென்றே பல நாடுகளில் சில சிற்றுண்டிகள் உள்ளன. இத்தாலி நாட்டில் அவற்றை ‘அந்திபாஸ்தோ’ என்பர். ‘பாஸ்தோ’ என்றால் உணவு. ‘அந்தி’ என்றால் முன். உணவுக்கு முன் உண்பது அந்திபாஸ்தோ. கடைகளில் விற்கும் பாஸ்தாவுக்கும் இச்சொல்லுக்கும் உறவு இல்லை. மாலைப் பொழுதைக் குறிக்கும் நம் ‘அந்தி’யும் வேறு.

அத்தகைய சிற்றுண்டிகளுள் உலகெங்கும் பரவிய ஒன்று புருஸ்கெத்தா. தணலில் வாட்டிய ரொட்டித் துண்டில் பூண்டைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மேலே நறுக்கிய தக்காளியை வைத்தால் புருஸ்கெத்தா ஆயிற்று. இன்று பெரிய உணவகங்களில் அழகிய தட்டில் வைத்துத் தருகிறார்கள். ஆயினும் இது, காய்ந்துபோன ரொட்டியை எறிய மனமில்லாத உழவர் வீட்டில் பிறந்த உணவு. அது பிறந்த விதத்தை அறிந்துகொண்டால், அதைச் செம்மையாகச் செய்யும் வழியும் நமக்குத் தானே விளங்கிவிடும்.

ஒரு சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். வட இந்தியாவில் ‘ரொட்டி’ என்றால் கோதுமை மாவைத் தேய்த்துக் கல்லில் சுடுவதையே குறிக்கும். இப்பாடத்தில் ரொட்டி என்பது அதுவன்று. மாவைப் புளிக்கவைத்து, அடுப்புக்குள் வைத்து, உப்பி எழும்படி சுட்டெடுப்பது. தில்லியில் அண்டை வீட்டார் ‘டபல் ரொட்டி’ என்று சொல்வது இதைத்தான்.

பெயரும் ஒலியும்

உரோம் நகரத்து வட்டார வழக்கில் ‘புருஸ்காரே’ என்னும் வினைச்சொல் உண்டு. தணலில் வாட்டுதல் என்பது அதன் பொருள். அதிலிருந்து பிறந்த பெயரே புருஸ்கெத்தா. இதனை இந்தியாவிலும் பிற நாடுகளிலும் பலர் ‘புருஷெட்டா’ என்று ஒலிக்கின்றனர். ஆங்கிலத்தில் ‘சேர்’, ‘சீஸ்’ போன்ற சொற்களில் சகர ஒலியைத் தரும் ‘சி’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகளும் இத்தாலிய மொழியில் இணைந்து வந்தால் ககர ஒலியையே தரும். ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலிப்பதால் வந்த பிழை இது. தமிழ் எழுத்தில் ஒலித்தவாறே எழுதிவிடலாம், குழப்பம் இல்லை.

இச்சொல்லின் இறுதியில் வரும் ‘த்தா’ என்னும் இரட்டிப்பையும் கவனியுங்கள். தமிழில் ‘புளி’ வேறு, ‘புள்ளி’ வேறு. ஒரு மெய் இரட்டித்தால் பொருளே மாறிவிடுகிறது. இத்தாலிய மொழியும் அத்தகையதே. அங்கு ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது. ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு இந்த இரட்டிப்பைக் காதால் பிரித்தறிவது அரிது. தமிழ் பேசும் நாவுக்கு அது இயல்பாகவே வரும்.

ஒரு வாரத்து ரொட்டி

இத்தாலியின் நடுப்பகுதியில் தஸ்கனி என்னும் மாநிலம் உள்ளது. பிளாரன்ஸ் அதன் தலைநகர். குன்றுகளும் ஆலிவ் தோப்புகளும் திராட்சைக் கொடிகளும் நிறைந்த நிலம் அது. முற்காலத்தில் அங்கிருந்த உழவர்களுள் பெரும்பாலோர்க்குச் சொந்த நிலம் இருந்ததில்லை. நில உரிமையாளரின் நிலத்தில் உழைத்து, விளைச்சலில் பாதியை அவருக்கு அளந்துவிட்டு, மீதியில் வாழ்ந்தனர். இத்தகைய முறையைத் தமிழில் வாரம் என்பர். பல நூற்றாண்டுகள் நிலைத்த அம்முறையில் புதிய ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று இத்தாலி அரசு சட்டம் இயற்றியது 1964 ஆம் ஆண்டில்தான்.

அந்த வீடுகளில் நாள்தோறும் ரொட்டி சுடுவதில்லை. பெரிய அடுப்பைச் சூடாக்க விறகு மிகுதியாகத் தேவைப்படும். ஆதலால் வாரத்துக்கு ஒரு நாள் அடுப்பு மூட்டி, வாரம் முழுமைக்கும் வேண்டிய ரொட்டியைச் சுட்டு வைத்துக்கொள்வர். முதல் நாள் மென்மையாக இருந்த ரொட்டி மூன்றாம் நாள் இறுகும். ஐந்தாம் நாள் கல்லாகும். ஆனால் எவரும் அதை எறியமாட்டார்கள். கோதுமையில் பாதியை ஏற்கெனவே பிறருக்கு அளந்து கொடுத்தவர்கள், மீதியில் ஒரு துண்டையும் வீணாக்குவார்களா? கெட்டியான ரொட்டியைக் காய்கறிச் சாற்றில் வேகவைத்தனர், நீரில் நனைத்துப் பிழிந்து வெங்காயத்துடன் கலந்து உண்டனர், தணலில் வாட்டினர். மூன்றாவது வழியே நம் பாடம்.

ரொட்டி ஏன் இறுகுகிறது? ஈரம் உலர்வதனால் என்று நினைப்போம். அது காரணத்தில் ஒரு பாதியே. மாவிலுள்ள மாச்சத்து வேகும்போது நீரை உறிஞ்சி இளகுகிறது. ஆறிய பின் அதன் துகள்கள் மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்காக அடுக்கப்பட்டு இறுகுகின்றன. குளிர்பதனப் பெட்டியின் குளிரில் இந்த இறுக்கம் இன்னும் விரைவாக நிகழும். ஆகவே ரொட்டியை அங்கு வைப்பது நன்றன்று. சூடுபடுத்தினால் துகள்கள் மறுபடியும் நெகிழ்கின்றன. பழைய ரொட்டி நெருப்பில் உயிர் பெறுவது இதனால்தான்.

நெருப்பு இன்னொன்றையும் செய்கிறது. ரொட்டியின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பொன்னிறத்தையும் நறுமணத்தையும் உண்டாக்குகின்றன. இந்த வினையை 1912 ஆம் ஆண்டில் விளக்கியவர் லூயி கமீல் மாயார் என்னும் பிரெஞ்சு அறிவியலாளர். தோசையின் ஓரம் சிவந்து மணப்பதும் இதே வினையால்தான்.

தஸ்கனி ரொட்டிக்கு ஒரு தனித்தன்மை உண்டு: அதில் உப்பு இல்லை. முதன்முறை உண்பவர்க்கு அது சப்பென்று இருக்கும். அவ்வூரார்க்கோ உப்பிட்ட ரொட்டிதான் அயலானது. பிளாரன்ஸ் நகரில் பிறந்த பெருங்கவிஞர் தாந்தே, 1302 ஆம் ஆண்டில் அந்நகரிலிருந்து வெளியேற்றப்பட்டார். இறக்கும்வரை திரும்பவே இல்லை. தம் காப்பியத்தில் அவர், ஊரைப் பிரிந்து வாழும் துயரத்தைச் சொல்ல வரும் இடத்தில், பிறர் தரும் ரொட்டியின் உப்பைக் குறிப்பிடுகிறார். உப்பில்லா ரொட்டிக்குப் பழகிய நாவை நினைத்தே அவ்வாறு எழுதினார் என்று தஸ்கனி மக்கள் சொல்வதுண்டு. வேற்றூரில் வாழும் வீடுகளில் சாம்பாருக்கும் சட்னிக்கும் நடக்கும் பேச்சை அறிந்த உங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எண்ணெயைச் சுவைக்க ஒரு துண்டு

இன்று புருஸ்கெத்தா என்றவுடன் தக்காளிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இவ்வுணவின் மூல வடிவத்தில் தக்காளி இல்லை. ரொட்டி, பூண்டு, எண்ணெய், உப்பு ஆகிய நான்கே. தஸ்கனியில் அதற்கு இன்றும் ‘பெத்துந்தா’ என்று பெயர். எண்ணெயிட்ட துண்டு என்பது பொருள்.

ஆலிவ் காய்களைப் பறிக்கும் காலம் அக்டோபரில் தொடங்கும். நவம்பரில் தோப்புகள் எல்லாம் ஆள் நடமாட்டமாக இருக்கும். மரத்தின்கீழ் வலைகளை விரித்து, கிளைகளைக் கோதிக் காய்களை உதிர்ப்பர். பறித்த காய்களை நெடுநேரம் குவித்து வைத்தால் எண்ணெய் கெடும். ஆதலால் விரைவாக ஆலைக்குக் கொண்டு செல்வர். செக்கிலிருந்து முதலில் வழியும் எண்ணெய் கடைகளில் நாம் காணும் மஞ்சள் நிறத்தில் இராது. பச்சை நிறம், கலங்கிய தோற்றம், வெட்டிய புல்லின் மணம். ஓர் ஆண்டு உழைப்பின் பயன் எவ்வாறு வந்திருக்கிறது என்று அறிய உழவர் அங்கேயே சுவைத்துப் பார்ப்பார். ஆலையின் கணப்பில் ரொட்டித் துண்டு ஒன்றை வாட்டி, பூண்டைத் தேய்த்து, புது எண்ணெயைத் தாராளமாக ஊற்றி உண்பதே அந்தச் சோதனை. எண்ணெய்க்குத்தான் அங்கே முதலிடம். ரொட்டி அதை ஏந்தும் தட்டு.

நல்ல புது எண்ணெய் நாவில் சிறிது கசக்கும். தொண்டையில் மிளகுபோல் காரும். சிலருக்கு இருமலும் வரும். அது குறையன்று. ஓலியோகாந்தல் என்னும் பொருளே அந்தக் கார்ப்புக்குக் காரணம். காய்ச்சலுக்கும் வலிக்கும் தரும் ஐபுபுரோபென் மருந்தைப் போன்ற செயல் அதற்கு உண்டென்று 2005 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எண்ணெய் பழகப் பழக இந்தக் கார்ப்பு குறையும். ஒயின் நாட்பட நாட்பட உயரும் என்பார்கள். ஆலிவ் எண்ணெய் அவ்வாறன்று. புதிதே சிறப்பு.

தக்காளி வந்த வழி

தக்காளி இத்தாலிக்கு உரியதன்று. தென் அமெரிக்காவில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, ஸ்பானியர் வழியாக 16 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. 1544 ஆம் ஆண்டிலேயே மத்தியோலி என்னும் இத்தாலிய மருத்துவர் அதைப்பற்றி எழுதியிருக்கிறார். இத்தாலியர் அதற்கு இட்ட பெயர் ‘பொமொதோரோ’. தங்க ஆப்பிள் என்பது பொருள். தொடக்கத்தில் வந்தவற்றுள் மஞ்சள் நிறப் பழங்கள் இருந்தன என்பதை இப்பெயர் காட்டுகிறது.

பெயர் அழகாக இருந்தும் நெடுங்காலம் அதை உண்ண மக்கள் தயங்கினர். நச்சுத்தன்மையுள்ள சில செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது ஒரு காரணம். தக்காளியைச் சேர்த்த சமையல் குறிப்பு இத்தாலிய நூலில் இடம்பெற 17 ஆம் நூற்றாண்டின் இறுதி ஆயிற்று. நேப்பிள்ஸ் நகரில் 1692 முதல் வெளிவந்த அந்தோனியோ லத்தீனியின் நூல் அது. நம் வீடுகளில் வற்றலாகும் மணத்தக்காளியும் கத்தரியும் உருளைக்கிழங்கும் மிளகாயும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

புது எண்ணெய் குளிர்காலத்தின் தொடக்கத்தில் வரும். தக்காளி பழுப்பதோ கோடையில். இவ்வாறு ஒரே உணவுக்கு இரண்டு பருவங்கள் அமைந்தன. சூலை, ஆகஸ்டு மாதங்களில் இத்தாலியில் வெயில் கடுமை. பகலில் சமையலறையில் நிற்க எவரும் விரும்பார். பொழுது சாய்ந்தபின் முற்றத்தில் மேசையிட்டு உறவினரும் நண்பரும் கூடுவர். அடுப்பில் அதிக வேலையில்லாத தக்காளிப் புருஸ்கெத்தா அந்த வேளைக்கு ஏற்றது. நாம் விடுதலை நாள் கொண்டாடும் ஆகஸ்டு 15 அங்கும் விடுமுறை நாள். ‘பெர்ரகோஸ்தோ’ எனப்படும் அக்கோடை விழா, கி.மு. 18 இல் அகஸ்டஸ் பேரரசர் தொடங்கிய ஓய்வுநாள்களிலிருந்து வந்தது.

செய்யும் முறை

ஆறு பேருக்குப் பன்னிரண்டு ரொட்டித் துண்டுகள் போதும். நன்கு பழுத்த, ஆனால் குழையாத தக்காளி அரைக் கிலோ. பூண்டுப் பல் இரண்டு. ஆலிவ் எண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. திருநீற்றுப்பச்சிலை பத்துப் பன்னிரண்டு இலைகள். கடைசியாகச் சொன்னதை இத்தாலியர் ‘பாசிலிக்கோ’ என்பர். துளசியின் இனம், ஆனால் துளசியன்று. பலூடாவில் மிதக்கும் சப்ஜா விதை இச்செடியின் விதையே. இலை கிடைக்கவில்லையெனில் விட்டுவிடலாம். துளசியை அதற்கு மாற்றாக இடவேண்டா. அதன் கார மணம் தக்காளியோடு இசையாது.

ரொட்டியைத் தேர்வதில் கவனம் வேண்டும். உறையில் வரும் மெல்லிய துண்டுகள் தக்காளியின் எடையைத் தாங்கா. மும்பையில் கிடைக்கும் பாவும் மிக மென்மையானது. கோவாவில் வாழ்வோர் ‘உண்டோ’ என்னும் மேலோடு தடித்த உருண்டை ரொட்டியைப் பயன்படுத்தலாம். மற்ற ஊர்களில் பேக்கரியில் வெட்டாத முழு ரொட்டியாகக் கேட்டு வாங்குங்கள். முந்தின நாள் சுட்டதாக இருந்தால் மிகவும் நல்லது. ஒன்றரைச் சென்டிமீட்டர் கனத்தில் அறுக்க வேண்டும். கத்தியையும் அடுப்பையும் கையாளும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

தக்காளியிலிருந்து தொடங்குவோம். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பைத் தூவிக் கலந்து, வடிகட்டியில் இட்டு, கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். கால் மணி நேரத்தில் கிண்ணத்தில் சாறு சேர்ந்திருக்கும். தக்காளியின் உயிரணுக்களுக்குள் உள்ள நீரை வெளியே உள்ள உப்பு இழுக்கிறது. அறிவியல் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படிப்பது இதுவே. இந்த வேலையைச் செய்யாமல் விட்டால், அந்த நீர் முழுவதும் விருந்தினர்முன் ரொட்டிக்குள் இறங்கிவிடும். மொறுமொறுப்பான துண்டு நனைந்த பஞ்சாகும். உணவகங்களிலும் புருஸ்கெத்தா கெடுவது பெரும்பாலும் இவ்வொரு காரணத்தால்தான்.

விதைகளையும் அவற்றைச் சூழ்ந்த கூழையும் நீக்கிவிடுமாறு சில குறிப்புகள் சொல்லும். அவ்வாறு செய்யாதிருப்பதே நன்று. தக்காளியின் சுவைக்கு அடிப்படையான குளுட்டமேட் என்னும் பொருள் சதையைவிட அந்தக் கூழில்தான் மிகுதி. வடிகட்டினால் போதும்; எறிய வேண்டியதில்லை. வடிந்த சாற்றில் உப்பு இருப்பதை நினைவிற்கொண்டு அன்றிரவு ரசத்தில் சேர்த்துவிடலாம்.

அடுத்து ரொட்டி. தணல் இல்லாத வீட்டில் தோசைக்கல் போதும். நெய்யோ எண்ணெயோ தடவாமல் கல்லை மிதமான தீயில் காயவைத்து, துண்டுகளைப் பரப்பி, தட்டைக் கரண்டியால் இலேசாக அழுத்துங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம். வெளிப்புறம் சிவந்து முறுக வேண்டும். உட்புறம் சிறிது நெகிழ்வாக இருக்க வேண்டும். உள்ளும் புறமும் முறுகிவிட்டால் கடிக்கும்போது நொறுங்கித் தக்காளி மடியில் விழும்.

கல்லிலிருந்து எடுத்த சூட்டிலேயே, தோலுரித்த பூண்டுப் பல்லை ஒரு பக்கத்தில் தேய்க்க வேண்டும். முறுகிய ரொட்டியின் சொரசொரப்பு துருவிபோல் செயற்பட்டுப் பூண்டைக் கரைத்துக்கொள்ளும். பூண்டின் உயிரணுக்கள் உடையும்போதுதான் அல்லிசின் என்னும் காரப்பொருள் உண்டாகிறது. பூண்டு இங்கே வதங்குவதில்லை. எனவே அதன் காரம் முழுமையாக இருக்கும். இரண்டு இழுப்புக்குமேல் தேய்த்தால் வேறெந்தச் சுவையும் தெரியாது.

பூண்டு தேய்த்த பக்கத்தில் துண்டுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் முதலில், தக்காளி பின்னர்: இவ்வரிசையை மாற்றலாகாது. எண்ணெய் படர்ந்த பரப்பில் நீர் எளிதில் இறங்காது என்பதால் ரொட்டிக்கு அது ஒரு காப்பு. எஞ்சிய எண்ணெயை வடிந்த தக்காளியில் விட்டு, திருநீற்றுப்பச்சிலையைக் கையால் கிள்ளிப் போட்டுக் கலந்து, துண்டுகளின்மேல் வைக்க வேண்டும். இலையை முன்னரே கிள்ளி வைத்தால் கறுத்துவிடும். பாலாடைக்கட்டி, காளான், புளிச்சாறு என்று இன்னும் பலவற்றை மேலே அடுக்குவோர் உண்டு. ரொட்டியும் எண்ணெயும் நன்றாக அமைந்தால் அவை தேவைப்படா.

மேலே தக்காளி வைத்த துண்டு ஐந்து நிமிடத்துக்குள் உண்ணப்பட வேண்டும். விருந்தினர் எப்போது வருவர் என்று உறுதியாகத் தெரியாத வீடுகளில் வாட்டிய ரொட்டியை ஒரு தட்டிலும் தக்காளியைக் கிண்ணத்திலுமாக வைத்துவிடலாம். அவரவர் தமக்கு வேண்டியபோது எடுத்து வைத்துக்கொள்வர். சிறுவர்களுக்கு அதில் தனி மகிழ்ச்சி உண்டு.

முள்கரண்டியும் கத்தியும் இதற்கு வேண்டா. கையால் எடுத்தே உண்பர். தட்டின் அடியில் தக்காளிச் சாறும் எண்ணெயும் கலந்து சிறிது தேங்கி நிற்கும். எஞ்சிய ரொட்டித் துண்டால் அதைத் துடைத்து உண்பதற்கு இத்தாலிய மொழியில் ஒரு தொடர் உண்டு: ‘ஸ்கார்ப்பெத்தா செய்தல்’. ஸ்கார்ப்பெத்தா என்றால் சின்னஞ்சிறு காலணி. மிகுந்த நாகரிகம் பார்க்கும் விருந்துகளில் இதைச் செய்யலாகாது என்பர். வீட்டு முற்றத்து மேசையில் எவரும் தடுப்பதில்லை.